கட்டிலிலிருந்து களத்திற்கு

மாரடைப்பு, தமிழில் பொருத்தமாக அமைந்துவிட்ட சொற்களுள் ஒன்று. மார்பில் நேரும் அடைப்பு என்று விரித்தால், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் நிகழ்வதை அது ஏறத்தாழ அப்படியே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்நோய் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அடைபடுவது அந்தக் குழாயோடு நின்றுவிடுவதில்லை. பிழைத்து வந்தவருக்கு மாடிப்படி அடைபடுகிறது. கடைத்தெருவுக்குப் போகும் வழி அடைபடுகிறது. மாலைதோறும் இறகுப்பந்து ஆடிய திடல் அடைபடுகிறது. 'அலுங்காமல் நலுங்காமல் இருந்தால் போதும்' என்று உறவினர் கூடிச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் சில நாட்களுக்குள் எழுந்து நடக்க வைக்கப்பட்டவர், வீடு திரும்பியதும் சாய்வு நாற்காலியில் அமர்த்தப்பட்டு, அங்கேயே முதுமையடைகிறார்.

இந்த அறிவுரையை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் தலைசிறந்த இதய மருத்துவர்கள் சொன்னதும் இதுவே. மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது. வீடு இன்னும் கைவிடவில்லை. அந்த அறிவுரை எப்படிப் பிறந்தது, மருத்துவம் அதிலிருந்து எவ்வாறு விடுபட்டது, விடுபட்ட வேகத்தில் எதிர்த்திசையில் எங்கே தடுக்கி விழுந்தது என்பவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

மரம் அறுத்தவர்

லண்டன் மருத்துவரான வில்லியம் ஹெபர்டன் 1768-இல் அந்நகர மருத்துவர் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, நெஞ்சை நெரிப்பதுபோல் வந்து, நின்றுவிட்டால் நீங்கிவிடும் ஒரு வலியைப் பற்றியது அது. 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அவர் சூட்டிய பெயரே இன்றும் வழங்குகிறது. 1772-இல் அக்கட்டுரை அச்சேறியது. இதயக் குழாய்கள் சுருங்குவதே அவ்வலிக்குக் காரணம் என்பதை ஹெபர்டன் அறிந்திருக்கவில்லை. சிகிச்சை என்று அவரால் பரிந்துரைக்க முடிந்ததும் அதிகமில்லை.

ஆனால் அவர் மறைந்த மறுவருடம், 1802-இல், வெளிவந்த மருத்துவக் குறிப்புகளில் போகிற போக்கில் ஒரு செய்தி காணப்படுகிறது. இந்நோய் கண்ட ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்குத் தாமே ஒரு கடமையாக விதித்துக்கொண்டார். ஏறத்தாழக் குணமும் அடைந்தார். அவ்வளவுதான். அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை.

உழைத்தால் வருகிற வலிக்கு உழைப்பையே மருந்தாக்கிக்கொண்ட அந்த மனிதர் யாரோ தெரியாது. ஆயினும் அவர் செய்ததில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியவை. அரை மணி நேரம் என்பது அளவு. நாள்தோறும் என்பது ஒழுங்கு. அடுத்த இரு நூற்றாண்டுகளில் மருத்துவம் பல இறப்புகளையும் பல ஆய்வுகளையும் கடந்து கற்றுக்கொண்டதும் ஏறக்குறைய இவ்விரண்டைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதை முழுவதுமாக மறந்துவிடவில்லை. டப்ளின் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இல் வெளியிட்ட நூலில் இதய நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டப்படும் நடையைப் பரிந்துரைத்தார். 1880-களில் மியூனிக் நகரின் மாக்ஸ் ஓர்ட்டெல், மலைச்சரிவுப் பாதைகளை ஏற்றத்தின் கடுமைக்கேற்ப வகைப்படுத்தி, நோயாளிகளை எளிய பாதையிலிருந்து கடினமான பாதைக்கு நகர்த்தும் ஒரு முறையையே வகுத்தார். ஆனால் இவர்கள் எவருக்கும் மாரடைப்பு என்ற நிகழ்வு தனியாகப் பிடிபடவில்லை. அது பிடிபட்ட பிறகுதான் நோயாளி கட்டிலில் கிடத்தப்பட்டார் என்பது இவ்வரலாற்றின் விசித்திரம்.

ஆறு வாரப் படுக்கை

இதயக் குழாய் திடீரென அடைபட்டால் மரணம் உறுதி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதிய கட்டுரை இக்கருத்தை அசைத்தது. அடைப்பு நேர்ந்த பின்னும் சிலர் உயிர் பிழைக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே நோயை இனங்காண முடியும் என்று அவர் காட்டினார். விரைவில் இ.சி.ஜி. கருவியும் துணைக்கு வந்தது. 'மாரடைப்பு வந்து பிழைத்தவர்' என்று ஒருவர் மருத்துவத்தின் பார்வைக்குள் வந்தது அப்போதுதான்.

பிழைத்தவரை என்ன செய்வது? இரத்தம் கிடைக்காமல் இறந்துபோன தசைப்பகுதி மெலிந்து குழைந்து கிடக்கிறது. இதயம் வேகமாகத் துடித்தால் அவ்விடம் கிழிந்துவிடலாம். எனவே அசையக்கூடாது. இந்த அச்சம் கற்பனையன்று; அப்படிக் கிழிந்து இறந்தவர்களின் இதயங்களை மருத்துவர்கள் பிணப் பரிசோதனையில் கண்டிருந்தார்கள். 1939-இல் பாஸ்டனில் கென்னத் மல்லோரி, பால் டட்லி வைட் உள்ளிட்ட மூவர் மாரடைப்பு கண்டு இறந்த 72 பேரின் இதயங்களை ஆராய்ந்து, காயம் ஆறித் தழும்பாக இறுகுவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன என்று எழுதினார்கள். தழும்பு இறுகும் காலம் ஆறு வாரமெனில் படுக்கையும் ஆறு வாரம் என்ற கணக்கு ஏற்கெனவே நிலவிய வழக்கத்திற்கு ஆதாரமாக அமைந்தது. வைட் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; அவர் மீண்டும் வருவார்.

லண்டனின் புகழ்பெற்ற இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் எழுதிய பாடநூல், நோயாளி தாமாக எந்த அசைவையும் மேற்கொள்ளாதபடி இரவும் பகலும் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், உணவைச் செவிலியர் ஊட்டினர். சவரம் பிறர் செய்தனர். ஒருக்களித்துப் படுக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. வீடு திரும்பிய பின்னும் மாடிப்படி பல மாதங்களுக்கு விலக்கப்பட்டது. வேலைக்குத் திரும்புவதே ஐயத்திற்குரியதாக இருந்தபோது, மைதானத்திற்குத் திரும்புவது பற்றிக் கேட்பார் யார்?

எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறோம்; அதுபோல இதயத்திற்கும் அசைவின்மை வேண்டும் என்பதே இம்முறையின் அடியிலிருந்த ஒப்புமை. ஆனால் இதயத்திற்கு மாவுக்கட்டு இல்லை. படுத்தாலும் அமர்ந்தாலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்தே தீரும். ஓய்வு பெற்றவை கால்களும் நுரையீரலும் மனமும்தான். அசையாத கால்களில் இரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தது. மாரடைப்பில் பிழைத்தவர் படுக்கையில் இறந்தார். அந்த இறப்பும் பெரும்பாலும் இதயத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

ஒரு நாற்காலி

பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் பணியாற்றிய சாமுவேல் லெவின் இதை நெடுநாள் கவனித்து வந்தார். படுத்திருக்கும்போது கால்களிலிருந்து அதிக இரத்தம் இதயத்திற்குத் திரும்புகிறது, அதனால் இதயத்தின் சுமை கூடுகிறது, அமர்ந்திருந்தால் சுமை குறைகிறது என்பது அவர் வாதம். அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுன், லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். இருவரும் 81 நோயாளிகளை, நோய் தாக்கிய முதற்சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார்கள். முதலில் சிறிது நேரம், பின்னர் கூடுதல் நேரம்.

இன்று இதைக் கேட்டால் 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும். அன்று அது கொலைக்கு நிகரான துணிச்சல் எனக் கருதப்பட்டது. மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் எவ்வளவு கடுமையாக இதை எதிர்த்தார்கள் என்பதை லவுன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் நாற்காலியில் அமர்ந்தவர்கள் அதனால் மடியவில்லை. நன்றாக மூச்சுவிட்டார்கள், நன்றாக உறங்கினார்கள், வீடு திரும்புவதைப் பற்றிப் பேசினார்கள். படுத்திருப்பவரிடம் பேசுபவர் குனிந்து பேசுகிறார். அமர்ந்திருப்பவரிடம் எதிரில் அமர்ந்து பேசுகிறார். நோயாளியின் மனம் இந்த வேறுபாட்டை அறியும். 1952-இல் இம்முடிவுகள் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியாயின.

மறு ஆண்டே லண்டனிலிருந்து வேறொரு சான்று வந்தது. ஜெரி மோரிஸ் என்ற ஆய்வாளர் அந்நகரப் போக்குவரத்துத் துறையின் சுமார் 31,000 ஊழியர்களை ஆராய்ந்திருந்தார். இரட்டை அடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநர் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். இருவரும் ஒரே வகுப்பினர், ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். ஆயினும் நடத்துநர்களுக்கு இதயக் குழாய் நோய் குறைவாகவே வந்தது. வந்தாலும் உடனடி மரணம் குறைவாகவே நேர்ந்தது. உடலுழைப்பு இதயத்திற்குப் பகையன்று என்பதைப் புள்ளிவிவரத்தோடு காட்டிய முன்னோடி ஆய்வு இது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

அதிபரின் ஆட்டம்

ஆய்விதழ்களில் வெளியாவது மருத்துவர்களைச் சென்றடையவே ஆண்டுகள் ஆகும். மக்களைச் சென்றடைவது பின்னும் தாமதம். இத்தாமதத்தைக் குறைத்தது ஒரு மனிதரின் நோய்.

1955 செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் டென்வர் நகரில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். காலையில் பதினெட்டுக் குழிகள், மதியம் வெங்காயத் துண்டுகளுடன் ஹாம்பர்கர், பின்னர் மீண்டும் ஒன்பது குழிகள். இடையிடையே அலுவல் தொலைபேசி அழைப்புகளும் எரிச்சலும். மறுநாள் விடியுமுன் நெஞ்சுவலி வந்தது. முதலில் செரிமானக் கோளாறு என்றார்கள். பிற்பகலில் மாரடைப்பு என்று அறிவித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நியூயார்க் பங்குச்சந்தை 1929-க்குப் பின் காணாத ஒரு நாள் வீழ்ச்சியைக் கண்டது.

பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட வல்லுநர் பால் டட்லி வைட். தழும்பு இறுகப் பல வாரங்கள் ஆகும் என்று 1939-இல் எழுதிய அதே வைட். அவர் செய்தியாளர் கூட்டத்தில் மாரடைப்பு என்றால் என்ன என்பதை நாட்டுக்கே பாடமாக நடத்தினார். அதிபர் மலம் கழித்த விவரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அவரே மிதிவண்டி ஓட்டுவதில் தீராத ஆர்வம் கொண்டவர். நடையையும் மிதிவண்டியையும் ஊர் ஊராகப் பரப்பியவர். தம் ஆய்வு சொன்ன எச்சரிக்கையையும் தம் வாழ்க்கை சொன்ன நம்பிக்கையையும் ஒருசேரச் சுமந்தவர் என்று அவரைச் சொல்லலாம். ஐசன்ஹோவர் சில வாரங்களுக்குள் நாற்காலியில் அமர்ந்தார், பின்னர் நடந்தார், நவம்பர் 11 அன்று மருத்துவமனையை விட்டு வெளியேறினார்.

1956 பிப்ரவரியில் மருத்துவர்கள் அவர் தகுதியோடு இருக்கிறார் என அறிவித்த சில நாட்களில், ஜார்ஜியா மாநிலத்தில் அவர் மீண்டும் கோல்ஃப் மட்டையைப் பிடித்தார். அம்மாத இறுதியில் இரண்டாம் முறை தேர்தலில் நிற்பதாக அறிவித்தார்; வென்றார்; முழுப் பதவிக்காலத்தையும் நிறைவு செய்தார். அமெரிக்கர்கள் அன்று அந்தக் கோல்ஃப் செய்தியை விளையாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. மாரடைப்பு வந்தவர் மட்டை பிடிக்கலாம் என்றால் கோப்பைப் பிடிக்கலாம், கலப்பையைப் பிடிக்கலாம், எந்திரத்தை இயக்கலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டு வீட்டில் முடங்கிய பலருக்கு, முதலாளியிடம் சுட்டிக்காட்ட ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது.

இக்கதையின் பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். 1968 பிப்ரவரியில், இடையில் மேலும் மாரடைப்புகளைக் கண்ட பிறகு, தம் 77-ஆம் வயதில், கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஐசன்ஹோவர் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் செலுத்தினார். கோல்ஃப் ஆடுவோர் வாழ்நாள் முழுவதும் ஏங்கும் அடி அது. 1969 மார்ச்சில் அவர் காலமானார். விளையாட்டு அவரை நோயிலிருந்து விடுவிக்கவில்லை. முதல் மாரடைப்புக்கும் மரணத்திற்கும் இடைப்பட்ட பதின்மூன்றரை ஆண்டுகளை அவர் நோயாளியாகக் கழிக்காமலிருக்க அது துணை நின்றது.

ஓட்டமும் அதன் எல்லையும்

ஓய்வு தானே ஒரு நோயாகிவிடக்கூடும் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது 1966-இல் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வு. ஆரோக்கியமான ஐந்து இருபது வயது இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடத்தப்பட்டார்கள். எழுந்தபோது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பின்னர் அளிக்கப்பட்ட பயிற்சி அதை மீட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரை மீண்டும் சோதித்தார்கள். முப்பதாண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு அதிகம் என்று தெரியவந்தது. இளமையும் நலமும் வாய்ந்தவர்களுக்கே இக்கதி என்றால், ஆறு வாரம் கிடத்தப்பட்ட ஐம்பது வயது நோயாளி எழுந்தபோது உணர்ந்த தளர்ச்சியில் எவ்வளவு இதயத்தால் வந்தது, எவ்வளவு கட்டிலால் வந்தது?

கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் 1950-களிலேயே மாரடைப்பு கண்ட தொழிலாளர்களின் திறனை அளந்து அவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்பும் பணியில் இறங்கியிருந்தார்; அடுத்த பத்தாண்டில் அவர்களுக்கு முறையான உடற்பயிற்சியையும் தொடங்கினார். டொரண்டோவில் டெரன்ஸ் கவனா இன்னும் ஒரு படி மேலே போனார். நடையில் தொடங்கி, மெல்லோட்டத்திற்கு நகர்ந்து, மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்டி, மாரடைப்பு கண்டவர்கள் சிலரை 1973-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓட வைத்தார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்! இருபதாண்டுகளுக்கு முன் அதே பாஸ்டனில் நாற்காலியில் அமர்வதே வழக்காடலுக்குரியதாக இருந்தது என்பதை நினைத்தால் மாற்றத்தின் வேகம் புரியும்.

வேகத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. அதே எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் நோயியல் மருத்துவர் தாமஸ் பாஸ்லர், மாரத்தான் ஓடி முடிப்பவர்களும் அதற்குரிய வாழ்க்கைமுறையைக் கைக்கொள்பவர்களும் இதயக் குழாய் நோயிலிருந்து முற்றாகக் காக்கப்படுகிறார்கள் என்று முழங்கினார். ஓட்டம் மருந்து என்ற நிலையிலிருந்து காப்புக் கயிறு என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. 1979-இல் தென்னாப்பிரிக்காவின் டிமத்தி நோக்ஸும் அவர் சகாக்களும், மாரத்தான் ஓடியவர்களின் இதயக் குழாய்களில் அடைப்பு இருந்ததைப் பிணப் பரிசோதனைச் சான்றுடன் வெளியிட்டு இக்கூற்றை மறுத்தார்கள். ஆனால் நம்பிக்கைகள் ஆய்விதழ்களால் எளிதில் சாவதில்லை.

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் தந்தை 35 வயதில் மாரடைப்பு கண்டு, 43 வயதில் இறந்தவர். ஃபிக்ஸும் பருமனான உடலும் ஓயாத சிகரெட்டுமாக இருந்தார். முப்பதுகளின் நடுவில் அவர் ஓடத் தொடங்கினார். எடை குறைந்தது, புகை நின்றது. 1977-இல் அவர் எழுதிய ஓட்டம் பற்றிய நூல் லட்சக்கணக்கில் விற்று, ஒரு நாட்டையே தெருவில் ஓட வைத்தது. 1984 ஜூலை 20 அன்று, வெர்மான்ட் மாநிலத்துச் சாலையொன்றில் ஓடச் சென்றபோது அவர் இறந்தார். வயது 52. பரிசோதனையில் இதயக் குழாய்கள் மூன்றும் கடுமையாக அடைபட்டிருந்தன. டிரெட்மில் சோதனை செய்துகொள்ளுமாறு கிடைத்த அழைப்பை அவர் முன்பு தட்டிக்கழித்திருந்தார் என்பதும் தெரியவந்தது.

ஓட்டத்தை வெறுத்தவர்கள் இதைக் கொண்டாடினார்கள். அது நேர்மையான வாசிப்பன்று. தந்தையைவிட ஒன்பதாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தவர் அவர். ஆயினும் ஃபிக்ஸின் மரணம் ஒன்றைத் தெளிவாக்கியது. ஓட்டம் இதயத்தை வலுவாக்கலாம். இதயம் எந்நிலையில் உள்ளது என்பதை அது சொல்லிவிடாது. அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். மரம் அறுத்தவரின் அரை மணி நேரத்தில் இருந்த அளவு, எழுபதுகளின் உற்சாகத்தில் காணாமற்போயிருந்தது.

அளவு

இவ்விரு துருவங்களுக்கும் நடுவே ஒரு பாதையைக் காட்டியது 1993-இல் முரே மிட்டில்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம், நோய் தாக்குமுன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டறிந்தார்கள். கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடுகிறது என்பது ஆளைப் பொறுத்தது. உடற்பயிற்சியே செய்யாதவருக்கு அது நூறு மடங்குக்கு மேல் கூடியது. வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவருக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு மட்டுமே. அந்த ஒரு மணி நேரத்தின் அடிப்படை வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் மடங்குக் கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து இருப்பது பழக்கமில்லாத உடலைத் திடீரென விரட்டுவதில். ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்து, அலுவலக விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடுபவரைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.

இன்றைய நடைமுறை இந்த அறிவின் மேல் எழுந்தது. 1977-இல் சூரிக் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாய் அடைப்பைப் பலூன் கொண்டு விரித்தார். பின்னர் ஸ்டென்ட் வந்தது. குழாயை விரைவில் திறக்க முடிந்ததால் தசையின் சேதம் குறைந்தது. படுக்கையும் நாட்கணக்காகச் சுருங்கியது. வீடு திரும்பியபின் எக்கோ மூலம் இதயத்தின் இறைப்புத் திறன் அளக்கப்படுகிறது. டிரெட்மில் சோதனையில் எந்த வேகத்தில் வலியோ துடிப்புக் கோளாறோ வருகிறது என்று பார்க்கப்படுகிறது. அதற்குக் கீழே ஓர் எல்லை வகுத்து, நடையில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டுகிறார்கள். நடக்கும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும் என்ற எளிய விதி எந்தக் கருவியும் இல்லாதவருக்கும் உதவும். பயிற்சியை மையமாகக் கொண்ட இத்தகைய மறுவாழ்வுத் திட்டங்கள் இதய நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள், சோதனைகளில் ஆபத்துக் குறைவு எனத் தெரிந்தவர்கள் போட்டி விளையாட்டுக்குத் திரும்புவதையும் ஏற்கின்றன.

ஆனால் எந்த விளையாட்டுக்கு, எந்த நிலையில் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2010-இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் கால்பந்து அணியின் தலைவர் இகர் கசியாஸ், 2019 மே 1 அன்று போர்ட்டோ அணியின் பயிற்சியின்போது மாரடைப்புக்கு உள்ளானார். வயது 37. உடல் தேறியது, எனினும் போட்டிக் களத்துக்கு அவர் திரும்பவில்லை. மறு ஆண்டு ஓய்வை அறிவித்தார். 1983-இல் உலகக் கோப்பையை நமக்குப் பெற்றுத்தந்த கபில்தேவ், 2020 அக்டோபரில் தம் 61-ஆம் வயதில் மாரடைப்பு கண்டு ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டார். அடுத்த மாதமே கோல்ஃப் திடலில் காணப்பட்டார். முன்னவர் அஞ்சியவரும் அல்லர், பின்னவர் துணிந்தவரும் அல்லர். ஒருவரின் ஆட்டம் உடலின் கடைசித் துளி வரை கேட்பது. மற்றவரின் ஆட்டம் நடையும் நிதானமும் கேட்பது. திரும்புதல் என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சாய்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. நம் செய்திகள் பலவற்றில் அது மாரடைப்பு என்றே எழுதப்பட்டது. அவருக்கு நேர்ந்தது இதயத் துடிப்பு திடீரென நின்றுபோதல். மாரடைப்பு குழாயின் அடைப்பு; இது மின்னோட்டத்தின் கோளாறு. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல. களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டார்கள். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் கருவியை நேர்மின்னோட்டத்துக்கு மாற்றி, 1960-களின் தொடக்கத்தில் நம்பகமானதாக்கியவர் பெர்னார்ட் லவுன். நோயாளிகளை நாற்காலியில் அமர்த்திய அதே லவுன். அவர் 2021 பிப்ரவரியில், நூறு வயதை எட்டச் சில மாதங்கள் இருக்கையில், காலமாகியிருந்தார். எரிக்சனின் உடலுக்குள் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி பொருத்தப்பட்டது. அக்கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் இடந்தரவில்லை, இங்கிலாந்து இடந்தந்தது. 2022 பிப்ரவரியில் அவர் அங்கு மீண்டும் ஆடினார். 2024 ஜூனில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் டென்மார்க்குக்காக ஒரு கோலும் அடித்தார். ஒரே இதயத்திற்கு இரு நாடுகள் இரு விடைகள் சொன்னதிலிருந்து, இக்கேள்வி இன்னும் முழுமையாக முடிவுறவில்லை என்பது விளங்கும்.

நம் வீடுகளில்

புகழ்பெற்றவர்களின் கதைகளிலிருந்து நம் தெருவுக்கு வருவோம். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், பிற நாட்டினரைவிட இது ஐந்தாறு ஆண்டுகள் முந்தியது என்றும் காட்டியது. ஐம்பத்து மூன்று வயதில் நாற்காலியில் அமர்த்தப்படும் ஒருவருக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கக்கூடும். லெவினின் நாற்காலி கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முதற்படியாக இருந்தது. நம் வீடுகளில் அதுவே கடைசிப்படி ஆகிவிடுகிறது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. மாரடைப்பு வந்து திரும்பிய பெண் சில வாரங்களில் அடுக்களைக்குப் போய்விடுகிறார். குடம் தூக்குவதையும் மாவு பிசைவதையும் மொட்டை மாடிக்குத் துணிவாளி சுமப்பதையும் எவரும் கடும் உழைப்பு என்று கணக்கில் கொள்வதில்லை. அவரே 'காலையில் பூங்காவில் நடந்து வருகிறேன்' என்றால், 'உடம்பு தாங்குமா?' என்ற கேள்வி எழுகிறது. அளவு பார்க்கப்பட வேண்டிய உழைப்புக்கு அளவு இல்லை. அளவோடு கிடைத்திருக்க வேண்டிய மகிழ்ச்சிக்குத் தடை. பள்ளி நாட்களில் வளைப்பந்து ஆடிய பெண்ணுக்கு அந்த ஆட்டம் முன்பே திருமணத்தோடு போயிருக்கும் என்பதால், இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் கருதிவிடுகிறோம்.

விளையாட்டு ஒருவருக்கு உடற்பயிற்சியாக மட்டும் இருப்பதில்லை. மாலை ஐந்தரை மணிக்கு அவருக்காகக் காத்திருக்கும் மூன்று நண்பர்கள், பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை, தோற்றவர் வாங்கித்தரும் தேநீர் எல்லாம் அதில் அடங்கும். இறகுப்பந்தின் கடுமை ஒருவருடைய இதயத்திற்கு ஆகாது என்று சோதனை சொன்னால் அதை ஏற்கத்தான் வேண்டும். அப்போதும் அவர் மேசைப்பந்துக்கு மாறலாம், நடக்கலாம், ஆட்ட நடுவராக அமரலாம். சோதனை செய்யாமலேயே அன்பின் பெயரால் விதிக்கப்படும் தடையைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதேபோல், சோதனை செய்யாமலேயே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று பழைய வேகத்தில் களமிறங்கும் வீறாப்பையும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் மாத்திரைச் சீட்டைக் கவனமாக வாங்கிக்கொள்கிறார்கள். உப்பு, எண்ணெய் பற்றிக் கேட்டுக்கொள்கிறார்கள். அன்று இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். 'இனி இவர் விளையாடலாமா?' என்று கேட்டால், நேரமில்லாத மருத்துவர் பாதுகாப்பாக 'வேண்டாம்' என்று சொல்லிவிடக்கூடும். 'இவர் இன்ன விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். எந்தச் சோதனைக்குப் பிறகு, எவ்வளவு நேரம், எப்போதிலிருந்து ஆடலாம்?' என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால் மருத்துவர் அளவைச் சொல்லியாக வேண்டும்.